ஒற்றை வாசல்

அத்தியாயம் 6

"சப்பாத்தைக் கழற்றத் தேவையில்லை," என்றார் மிஸ்டர் லாவ். "இங்கே யாரும் கழற்றுவதில்லை."

அதற்குள் என் இடது சப்பாத்து வாசற்படியில் நின்றது. எதிரே ஒரு பீடம், அதன் மேல் செத்துப்போன பெரியவர்களின் பெயர்ப்பலகைகள், முன்னால் ஊதுபத்தி. இப்படியொரு இடத்துக்குள் பனிச்சேற்றோடு நுழைய என் கால் சம்மதிக்கவில்லை. வலதையும் கழற்றி வைத்துவிட்டுக் காலுறையோடு உள்ளே போனேன். பெப்ரவரி மாதத்துக் கல்தரை உள்ளங்காலைக் கடித்தது.

"நீங்கள் கழட்டேல்லையோ சேர்?"

"கழட்டினா திரும்பக் குனிஞ்சு போடணும்மா. முன்னோர்கள் மன்னிப்பாங்க. என் முதுகு மன்னிக்காது," என்றார் நாகு சேர்.

முழுப்பெயர் நாகசுப்பிரமணியன். சென்னைக்காரர். பாதி ஆயுளைக் காப்புறுதிக் கம்பனியில் பொய்க் கோரிக்கைகளைப் பிடிப்பதில் கழித்துவிட்டு, இப்போது மொன்றியலின் வில்லரேயில் ஒரு டெப்பனர், அதாவது மூலைப் பெட்டிக்கடைக்கு மேலே துப்பறியும் அலுவலகம் வைத்திருக்கிறார். நான் சிவாஜினி. யாழ்ப்பாணம், முன்னாள் பள்ளிக்கூட பஸ் சாரதி. காரும் வாயும் என் பொறுப்பு, மூளை அவர் பொறுப்பு என்பது எங்கள் ஒப்பந்தம். சில நாட்களில் மூளையும் நான்தான், ஆனால் பெயர்ப்பலகையில் அவர் பெயர்தான் இருக்கிறது.

நாங்கள் நின்றது சீனாவில் இல்லை, பியர்பொன்ட்ஸில். அக்கம்பக்கமெல்லாம் பங்களாக்கள், பனி தள்ளும் இயந்திரங்கள், கூடைப்பந்து வளையங்கள். நடுவில் ஆற்றோரமாக மிஸ்டர் லாவ் தன் முன்னோரின் ஊரைச் சிறிதாக்கிக் கட்டி வைத்திருந்தார். சாம்பல் நிறச் செங்கல் மதில், நான்கு மூலையிலும் காவல் கோபுரம், வெளிப்பக்கம் ஒரு ஜன்னல்கூடக் கிடையாது. உள்ளே போவதற்கும் வருவதற்கும் ஒரே ஒரு வாசல். அந்த வாசலிலிருந்து நேர்கோடாக ஒரு ஒழுங்கை, இரண்டு பக்கமும் வரிசையாகச் சின்னச் சின்ன அறைகள், ஒழுங்கையின் முடிவில் நாங்கள் நின்ற இந்த முன்னோர் மண்டபம்.

"கடற்கொள்ளையரும் மலைக் கள்ளரும் மாறி மாறி வந்த கரை அது," என்றார் லாவ். எழுபது வயதிலும் இரும்புக் குழாய்போல நிமிர்ந்து நின்றார். "ஒரு காலத்தில் எங்கள் பேரரசரே கரையோரத்து மக்களை வீட்டை விட்டு உள்நாட்டுக்குத் துரத்தினார், கொள்ளையருக்குச் சோறு கிடைக்கக் கூடாதென்று. திரும்பி வந்தபோது ஊர் இல்லை. அதற்குப் பிறகுதான் எங்கள் குலம் இப்படி மதில் கட்டியது. வாசலை அடைத்தால் முடிந்தது. ஒரு பட்டாளமே வந்தாலும் வெளியே நின்று நெஞ்சில் அடித்துக்கொள்ள வேண்டியதுதான்."

பீடத்துக்குப் பக்கத்துச் சுவரில் இருந்த பிளவைக் காட்டினார். உள்ளே ஒரு முழம் அகலம், வெளியே போகப் போக ஒடுங்கி ஒரு கை மட்டும் நுழையும் இடைவெளி. துப்பாக்கித் துளை. உள்ளே நிற்பவனுக்கு வெளி முழுவதும் தெரியும், வெளியே நிற்பவனால் குறி வைக்க முடியாது.

"சில ஊர்ல வாசலுக்கு மேல தண்ணித் தொட்டி வைப்பாங்களாமே சார்? எவனாவது கதவுக்குத் தீ வச்சா உள்ளேயிருந்தே அணைக்க?" என்று கேட்டார் நாகு சேர். வரும் வழியெல்லாம் காரில் போனைத் தோண்டி இதைத்தான் வாசித்துக்கொண்டிருந்தார் போலிருக்கிறது.

"எனக்குத் தேவைப்படவில்லை. தீயை நான் ஏற்கெனவே பார்த்துவிட்டேன். புவாண்ட்-கிளேரில் என் முதல் கிடங்கு எரிந்தது. அதற்குப் பிறகும் எழும்பினேன்."

"முற்றத்துக் கிணத்துல தண்ணி இருக்கா?"

"அது அலங்காரம்."

பயல் தண்ணீரே இல்லாமல் ஒரு கோட்டை கட்டி வைத்திருக்கிறான் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். லாவின் குலத்தில் ஒரு வழக்கம். ஆண் குழந்தை பிறந்தால் அடுத்து வரும் சீனப் புத்தாண்டின் முதல் பௌர்ணமியன்று முன்னோர் மண்டபத்தில் அவன் பெயரில் ஒரு விளக்குக் கூண்டு தொங்கவிட வேண்டும். அன்றுதான் அவன் அந்தக் குலத்தில் ஒருவன் ஆகிறான். இன்று பௌர்ணமி. லாவின் முதல் பேரனுக்கு மத்தியானம் சடங்கு. குடும்பமும் குலச் சங்கத்துப் பெரியவர்களுமாகக் கூட்டம் வரப்போகிறது. காலையில் கதவைத் திறந்தால் பேரனின் விளக்கு எரிந்து வெறும் கம்பியாகத் தொங்குகிறது. நேர் கீழே தரையில், கறுத்து உருகிய ஒரு பழைய பூட்டு.

"கேமராவில் யாரும் வாசலுக்குள் வரவில்லை," என்றார் லாவ். "உள்ளே படுத்தவர்கள் நானும், தாதியும், பேரனும், என் மகளும்தான். பேரனின் தகப்பன், என் மகன், மத்தியானம்தான் வருகிறான். என் மகளை விசாரியுங்கள்."

"உங்க மகளையா?"

"அவளுக்கு விளக்கு ஏற்றவில்லை. பெண் பிள்ளைகளுக்கு ஏற்றுவதில்லை. அதை இன்னும் மனதில் வைத்திருக்கிறாள்."

"வைத்திருக்கிறேன்தான்," என்று பின்னால் ஒரு குரல் கேட்டது. வாசற்படியில் மகள் கத்தரின் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். "ஆனால் எரிக்க வேண்டுமென்றால் ஒன்றை எரிக்க மாட்டேன் அப்பா. எல்லாவற்றையும் எரிப்பேன்." சொல்லிவிட்டுச் சப்பாத்துக் காலோடு விறுவிறுவென்று உள்ளே வந்து, பீடத்தில் ஊதுபத்தியை நேராக்கிவிட்டு, அதே வேகத்தில் போய்விட்டாள். எனக்கு அவளைப் பிடித்துவிட்டது.

"பூட்டு யாருதுன்னு தெரியுமா சார்?" என்றார் நாகு சேர்.

"தெரியாது."

அதைச் சொல்லும்போது லாவ் பூட்டைப் பார்க்கவில்லை. கூரையைப் பார்த்தார். போலீசைக் கூப்பிடவும் அவருக்கு விருப்பமில்லை. குடும்ப மானமாம். எங்களைக் கூப்பிட்டால் மானம் போகாதாக்கும்.

நாகு சேர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்தார். எரிந்த விளக்கிலிருந்து கரி தரையில் கொட்டியிருந்தது. அந்தக் கரியில் ஒரு தடம். குதி, பாதம், ஐந்து விரல்கள், எல்லாம் தெளிவாக இருந்தன.

"சிவாஜினி, வெளியில எவ்வளவு குளிர்?"

"மூக்கைச் சிந்தினா கட்டியா விழும் சேர்."

"இந்தக் குளிர்ல வெறுங்காலோட ஒரு ஆள் நின்னிருக்காங்க. சப்பாத்து மட்டுமில்ல, காலுறையும் கழட்டியாச்சு." பூட்டைக் கைக்குட்டையில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு எழும்பினார். "வண்டிய எடு."

முற்றத்தில் தாதிப் பெண் பேரனைத் தூக்கி வைத்துக்கொண்டு வெயில் காட்டிக்கொண்டிருந்தாள். மாநிறம், நீண்ட பின்னல், நம்மூர் முகவெட்டு. எனக்கு வாய் சும்மா இருக்குமா? "தங்கச்சி, பிள்ளைக்கு எத்தினை மாசம்?" என்று கேட்டேன்.

"பர்தோன், மதாம்?" என்றாள்.

பெயர் விவியானாம். சின்னஞ்சிறு வயதில் கியூபெக் குடும்பமொன்று தத்தெடுத்து வடக்கே ஷிக்குத்திமி என்ற ஊரில் வளர்த்ததாம். தமிழ் ஒரு சொல்லும் தெரியாதாம். பிரெஞ்சு மட்டும் ஆறாக ஓடியது. குழந்தை காலை உதைத்துக் காலுறையைக் கழற்றி எறிந்தது. உள்ளங்காலில் கறுப்பாக ஒரு புள்ளி. பிள்ளையின் காலில் கரி ஒட்டியிருப்பதைக்கூடக் கவனிக்காத தாதி என்று நினைத்துக்கொண்டு, காலுறையை எடுத்துக் கொடுத்துவிட்டுக் காருக்குப் போனேன். என்னைப்போல ஒரு மடைச்சி மொன்றியலில் இல்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

காரில் நாகு சேர் சீட்டைப் பின்னால் சாய்த்துக்கொண்டார்.

"வஞ்சம் தீர்க்க வந்த ஆள். விளக்கை எரிக்கத் தயங்கல. ஆனா சாமி மாதிரி ஒரு இடத்துல செருப்போட நிக்க மனசு வரல. அது எந்த வீட்டு வளர்ப்பு?"

"இந்த மண்டபத்திலை அவையளே சப்பாத்தோடைதான் கும்பிடுகினம். வெள்ளைக்காரனுக்கு அது மியூசியம்."

"அப்ப?"

எனக்குக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது. "எங்கடை வளர்ப்பு, சேர்."

"காலையில நீ கழட்டினதைப் பார்த்தப்பவே தோணிச்சு. அடுத்தது. ஒரு பூட்டைப் பார்த்துப் பயப்படுற பணக்காரன். பூட்டு தீயில வெந்தது. அவரோட கிடங்கு எரிஞ்சது புவாண்ட்-கிளேர்ல. அங்க கிடங்கு வேலை பார்த்த பழைய தமிழ் ஆளு யாராவது தெரியுமா?"

"அம்புறோஸ் அண்ணையைத் தெரியாமல் ஒரு பெட்டியும் அந்தப் பக்கம் அசையாது."

அம்புறோஸ் அண்ணை அகதியாக வந்த நாள் முதல் அந்தப் பக்கத்துக் கிடங்குகளில்தான் வேலை. இடைவேளையில் வெளியே வந்து கோப்பி குடித்துக்கொண்டு நின்றார். நாகு சேர் ஒன்றும் பேசாமல் கைக்குட்டையை விரித்தார். அண்ணையின் கையிலிருந்த கோப்பி பனியில் கொட்டியது.

"இது எப்பிடி உங்கடை கையிலை?"

"அதைத்தான் அண்ணை உங்களிட்டைக் கேக்க வந்தனாங்கள்."

அவர் வெறும் கோப்பையை நசுக்கிக் குப்பைத்தொட்டியில் போட்டார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு கதைத்தார்.

"லாவின்ரை கிடங்குக்கு ஒரே ஒரு கதவு. ஆக்கள் இடைக்கிடை வெளியாலை போய் நேரத்தைப் போக்காட்டுறாங்கள் எண்டு, அந்த மனிசன் வெளிப்பக்கத்தாலை பூட்டிப்போட்டுச் சாவியைத் தன்ரை சட்டைப்பைக்கை வைச்சிருப்பான். அண்டைக்கு வேலை முடிஞ்சு எங்களை விட்டிட்டுத் திரும்பப் பூட்டினவன். சண்முகலிங்கம் மட்டும் உள்ளுக்கை. கடைசிப் பெட்டியளை அடுக்கிப்போட்டு வாறன் எண்டவன்."

"அப்பதான் தீ பிடிச்சதோ?"

"ஓம். கதவிலை அடிச்ச சத்தம் றோட்டு வரைக்கும் கேட்டது பிள்ளை. நாங்கள் கல்லாலையும் கம்பியாலையும் குத்திப் பாத்தம். லாவ் அங்காலை காருக்குள்ளை இருந்தவன். இறங்கேல்லை."

"விசாரணையில என்ன சொன்னாங்க?" என்றார் நாகு சேர்.

"வெக்கையிலை கதவு இறுகிப்போச்சாம். பூட்டைப் பற்றி ஒரு கதையும் இல்லை. நான் அடுத்த நாள் சாம்பலுக்கை கிளறி இதை எடுத்தனான். எனக்கு அப்ப அகதிக் கேஸ் முடியேல்லை. வாயைத் திறந்தா அனுப்பிப்போடுவாங்கள் எண்டு பயத்திலை ஒளிச்சு வைச்சிட்டன்."

"பேந்து ஆரிட்டைக் குடுத்தனீங்கள்?"

"போன வருசம் சண்முகலிங்கத்தின்ரை மகள் தேடி வந்தவள். வித்தியா. தேப்பன் செத்தண்டைக்கு அவள் கார்டெரியிலை, பிள்ளையள் காப்பகத்திலை. பின்னேரம் கூட்டிக்கொண்டு போக ஆக்கள் வரேல்லை எண்டு அழுதுகொண்டு நிண்டது. இப்ப நல்லா வளந்திட்டாள், தேப்பன்ரை முகம் அப்பிடியே. எல்லாத்தையும் சொல்லிப் பூட்டைக் குடுத்தன். அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடேல்லை. சால்வையிலை சுத்திக்கொண்டு போயிட்டாள்."

அந்த இரும்புக்குழாய்க் கிழவன் மதிலைத் தட்டித் தட்டிப் பெருமை பேசியதும், தீயைப் பார்த்தேன், எழும்பினேன் என்று நெஞ்சை நிமிர்த்தியதும் நினைவுக்கு வந்து, கையில் ஒரு செங்கல் இருந்தால் நல்லாயிருக்கும் போலிருந்தது. காரை அந்தக் கோபத்திலேயே ஓட்டினேன். நாகு சேர் சீட்டை நிமிர்த்திக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

"வித்தியா உள்ளதான் இருக்கா. கேமராவில யாரும் வரலைன்னா, வரவேண்டிய அவசியம் இல்லாத ஆளு."

"தாதி ஒருத்திதான் இருக்கிறாள். ஆனா அது ஷிக்குத்திமி..." என்று தொடங்கிய நான் பிரேக்கை அழுத்திவிட்டேன். பின்னால் வந்தவன் ஹோர்னால் திட்டினான்.

"என்னம்மா?"

"சேர், அந்தக் குழந்தை இன்னும் நடக்கிறதில்லை!"

"அதனால?"

"நடக்காத பிள்ளையின்ரை உள்ளங்காலிலை எப்பிடிக் கரி ஒட்டும்? அது கரியில்லை, பொட்டு! கண்ணூறு படாமல் வைச்ச பொட்டு. கன்னத்திலை வைச்சா லாவ் கேப்பான் எண்டு காலிலை வைச்சிருக்கிறாள். ஷிக்குத்திமியிலை எவள் பிள்ளைக்குப் பொட்டு வைப்பாள்?"

நாகு சேர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "அதைக் காலையிலேயே சொல்லியிருந்தா புவாண்ட்-கிளேர் வரைக்கும் வந்திருக்க வேண்டாமே!"

"நீங்கள்தானே மூளை?"

அவர் சிரிக்கவில்லை. "யோசிச்சுப் பாரு. ஒரே வாசல். ஜன்னல் கிடையாது. மத்தியானம் அந்தக் குலமே உள்ள இருக்கும். தண்ணி ஒரு சொட்டு இல்ல. அப்பாவைப் பூட்டி எரிச்சவனோட குடும்பத்தை அவ என்ன பண்ணுவா?"

நான் பிறகு பிரேக்கைத் தொடவில்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது விருந்தினரின் கார்கள் தெருவை அடைத்து நின்றன. வாசலில் கத்தரின் குழந்தையை மார்போடு கட்டிக்கொண்டு வெளியே வந்துகொண்டிருந்தாள்.

"எங்கை போறீங்கள்?" என்றேன், மூச்சு வாங்க.

"ஊதுபத்திப் புகை பிள்ளைக்கு ஆகாது, கூப்பிடும்வரை வெளியே காற்று வாங்குங்கள் என்று விவியான் சொன்னாள். எனக்கும் உள்ளே நிற்கப் பிடிக்கவில்லை."

நானும் நாகு சேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு உள்ளே ஓடினோம். ஒழுங்கையின் பாதியில் இருந்தபோது முதுகுக்குப் பின்னால் இரும்பு அறைந்து சாத்தும் சத்தம் கேட்டது. திரும்பி ஓடினோம். இரும்பு வளையங்களால் பின்னிய கதவு மூடியிருந்தது. அதன் குறுக்கே சங்கிலி, சங்கிலியில் ஒரு புத்தம் புதுப் பூட்டு. பையில் கிடந்த கருகிய பூட்டும் இதுவும் ஒரே அச்சு. பக்கத்தில் ஒரு பெரிய பிஸ்கட் தகரத்துக்குள் ஈர வைக்கோல் புகைந்து, ஒழுங்கையெல்லாம் வெண்புகை நிறைந்துகொண்டிருந்தது. ஆளைக் காணவில்லை. மதிலோரச் சந்தால் போயிருக்க வேண்டும்.

நாகு சேர் தகரத்துக்குள் எட்டிப் பார்த்தார். சுற்றிலும் கல்லும் செங்கலும். தீ என்று சொல்ல அங்கே ஒன்றும் இல்லை. "வெறும் புகை," என்றார் மெதுவாக. தகரத்தை அவர் அணைக்கவில்லை என்பதை நான் கவனித்தேன்.

மண்டபத்தில் அதற்குள் அமளி தொடங்கிவிட்டது. நெருப்பு நெருப்பு என்று ஒருவர் கத்த, ஒரு கிழவர் கிணற்றுக்கு ஓடி வாளியை இறக்கி வெறும் வாளியை மேலே இழுத்தார். யாரோ தீயணைப்புக்குப் போன் பண்ணினார்கள். நாகு சேர் முன்னால் போய்விட்டார். நான் வாசற்படியில் நின்று, அந்த அவசரத்திலும், பழக்கதோஷம், குனிந்து சப்பாத்தைக் கழற்றினேன். பக்கத்தில் ஏற்கெனவே ஒரு சோடி நின்றது. சின்னக் கால், மண்ணிறம், காலுறைகள் மடித்து உள்ளே வைக்கப்பட்டிருந்தன. என்னுடையதை வைக்க இடம் போதாமல் அதை நகர்த்தினேன். உள்ளே ஏதோ கிலுங்கியது.

கையை விட்டேன். சாவி.

நிமிர்ந்தேன். பீடத்துக்கு முன்னால் அந்தத் தாதிப் பெண் வெறுங்காலோடு நின்றாள். இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினாள்.

"சாவி என்னிடம் இல்லை," என்றாள் பிரெஞ்சில், சத்தம் போடாமல். "தேடிப் பாருங்கள். பழைய ஊர், மூலை முடுக்கு நிறைய. தீயணைப்பு வண்டி வந்தாலும் இந்தக் கதவை உடைக்க நேரமெடுக்கும். மிஸ்டர் லாவ் பெருமையாகச் சொல்வாரே, பட்டாளமே வந்தாலும் வெளியே நின்று நெஞ்சில் அடித்துக்கொள்ள வேண்டியதுதான் என்று."

"என் பேரன் எங்கே?" என்று அலறினார் லாவ்.

"வெளியே. பத்திரமாக. அவன் ஒரு பிழையும் செய்யவில்லை. நேற்று ராத்திரி உங்களுக்கு ஒரு பூட்டு வைத்தேன். பார்த்தவுடன் உண்மையைச் சொல்லியிருந்தால் இவர்கள் எல்லோரும் சாப்பிட்டுவிட்டுப் போயிருப்பார்கள். நீங்கள் மகளைக் காட்டிக்கொடுத்தீர்கள். இப்போது சொல்லுங்கள். அந்தக் கதவைப் பூட்டியது யார்?"

"வெப்பத்தில் கதவு இறுகியது. விசாரணையில்..."

"அப்படியானால் இந்தக் கதவும் இறுகியிருக்கிறது. காத்திருப்போம்."

புகை மண்டபத்துக்குள் நுழைந்தது. ஒரு பெண் இருமினாள். லாவின் மகன் தகப்பனின் கையைப் பிடித்து உலுக்கி, சொல்லித் தொலையுங்கள் அப்பா என்று கத்தினான். லாவ் என்னைப் பார்த்தார். "நீங்கள் துப்பறிபவர்கள்தானே? சாவியைக் கண்டுபிடியுங்கள்! அதற்குத்தானே கூப்பிட்டேன்!"

சாவி என் உள்ளங்கையில் குத்திக்கொண்டிருந்தது. ஒரு சொல் போதும். நான் அந்தக் கிழவனின் முகத்தையே பார்த்தேன். சட்டைப்பையில் சாவியை வைத்துக்கொண்டு, கதவில் அடிக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, காருக்குள் இருந்த முகம். உன் நெஞ்சு கொஞ்ச நேரம் இடிக்கட்டும் என்று நினைத்தேன்.

"தேடிக்கொண்டிருக்கிறம் சேர்," என்றேன்.

லாவ் பீடத்துக்கு முன்னால் மண்டியிட்டார். பலகைகளைப் பார்த்து, எங்களைப் பார்க்காமல் சொன்னார். "நான்தான் பூட்டினேன். சாவி என்னிடம் இருந்தது. தெருவுக்கு அந்தப் பக்கம் காருக்குள் இருந்தேன். கிட்டப் போகப் பயம். திறந்தால், பூட்டியது தெரிந்துவிடும் என்றும் பயம்."

மகன் பிடித்திருந்த கையை விட்டான்.

"அப்பா." குரல் சுவருக்குள்ளிருந்து வந்தது. எல்லோரும் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். பீடத்துக்குப் பக்கத்துத் துப்பாக்கித் துளையின் ஒடுங்கிய வெளிமுனையில் ஒரு கண்ணும் பாதி வாயும் தெரிந்தன. கத்தரின். கத்தும் சத்தம் கேட்டு மதிலைச் சுற்றி வந்திருக்கிறாள். "முழுவதும் கேட்டேன். போலீசிலும் இதைத்தான் சொல்வேன். செத்த மனிதருக்கு ஒரு பெயர் இருக்குமே, அதைச் சொல்லுங்கள்."

லாவின் வாய் திறந்தது. ஒன்றும் வரவில்லை. அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவருக்குப் பெயரே தெரியாது.

"சண்முகலிங்கம்," என்றாள் வித்தியா.

"ஷான்... முகா..."

"இல்லை. திரும்பச் சொல்லுங்கள்."

"ஷண்முகா... லின்..."

"திரும்ப."

முன்னோரின் பலகைகளுக்கு முன்னால், அடித்துப் பேசியே பழகிய அந்த மனிதர், முழங்காலில் நின்று, எங்கள் ஊர்ப் பெயரொன்றை எழுத்துக் கூட்டிக் கூட்டிச் சொன்னார். அவள் விடவில்லை. சரியாக வரும்வரை சொல்ல வைத்தாள். அந்த ஒவ்வொரு தடவையும் எனக்கு இனித்தது. மறைக்க மாட்டேன்.

சரியாக வந்த பிறகு நான் கதவுக்கு நடந்தேன். வெளியே தீயணைப்பு வண்டியின் ஊதல் நெருங்கிக்கொண்டிருந்தது. பூட்டைத் திறந்து சங்கிலியை இழுத்தேன். பின்னால் நாகு சேர் வந்து நின்றார்.

"சாவி எப்பம்மா கிடைச்சுது?"

"இப்பதான் சேர். அந்த வாசற்படியடியிலை."

"ஓ." கைக்குட்டையால் மூக்கைத் துடைத்தார். "நான் உள்ள போறப்பவே அந்தச் சப்பாத்து ஒண்ணு லேசாச் சாய்ஞ்சிருந்துது. குனிஞ்சு எடுத்திருக்கலாம். என் முதுகுதான் உனக்குத் தெரியுமே."

இருவருமாகக் கதவை இழுத்துத் திறந்தோம்.

கத்தரின் குழந்தையோடு வந்து, தகப்பனைத் தாண்டி, தீயணைப்பு வண்டியோடு வந்த போலீஸ்காரரிடம் முதல் ஆளாகப் பேசப் போனாள். குழந்தை எரிந்த விளக்கின் கம்பியைக் கண்டு கையை நீட்டிச் சிரித்தது. வித்தியா இன்னும் வெறுங்காலோடு படியில் நின்றாள். கால்விரல்கள் நீலம் பாரித்திருந்தன. அவளையும் விசாரிக்கக் கொண்டுபோவார்கள், அது அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது. நான் குனிந்து காலுறையை உதறி, அவள் காலைத் தூக்கி என் முழங்காலில் வைத்துப் போட்டுவிட்டு, சப்பாத்தையும் மாட்டினேன்.

"சப்பாத்துக்கை வெறுமையா இருக்கு," என்றாள். அவள் வாயிலிருந்து நான் கேட்ட முதல் தமிழ். "எப்ப எடுத்தனீங்கள் அக்கா?"

"நீர் கையை விரிச்சுக் காட்ட முந்தியே."

"அப்ப ஏன் திறக்கேல்லை?"

நான் சப்பாத்தின் கயிற்றை இறுக்கி முடிந்தேன்.

"அண்டைக்கு உங்கடை அப்பாவுக்கு ஆரும் திறக்கேல்லையே, தங்கச்சி."